பொக்கற்றுக்குள் இருக்கிற பற்றறி: வேப் பாவிப்பவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும்

பரந்தன் சந்திக்குக் கிட்ட போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போனோடு ரோச் லைற், பவர் பாங்க், தலையில் கட்டும் லைற், சின்னச் சின்ன சோலர் சாமான் எல்லாம் என் மேசைக்கு வரும். இப்போது வேப்பும், அதாவது நிக்கொட்டின் திரவத்தைப் பற்றறியால் சூடாக்கிப் புகைபோல இழுக்கிற மின்சிகரட்டும், வருகிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்து போனபின் இன்னும் கூடுதலாக வரும். "அண்ணை, சார்ஜ் ஏறுதில்லை, ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ" என்று தம்பிமார் நீட்டும்போது, அது சூடாக இருக்கிறதா, எங்காவது வீங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இதை வாசிக்கிற எல்லோருக்கும் வரவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வேப் இழுப்பதை நான் ஆதரிக்கவில்லை. நிக்கொட்டின் பழகினால் இலேசில் விடாது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடப் பெடியளிடம் இதைக் கண்டால் பெற்றோர் சும்மா இருக்கக்கூடாது. ஆனால் சாமான் ஏற்கெனவே பொக்கற்றுக்குள் வந்துவிட்டது என்றால், வைத்திருப்பவரின் தொடையும் கையும் முகமும் எரியாமல் இருக்கவேண்டும். என் கவலை அதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

வேப்பில் இருப்பது லிதியம் அயன் பற்றறி. பெட்டி மாதிரி இருக்கிற பெரிய வேப்பில் கழற்றி மாற்றக்கூடிய உருளைப் பற்றறி ஒன்றோ இரண்டோ இருக்கும். அதை 18650 என்பார்கள்: விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர். கொஞ்சம் தடித்தது 21700. இதே 18650தான் தலை லைற்றிலும் பல பவர் பாங்குகளிலும் பழைய லப்ரொப் பற்றறிக்குள்ளும் இருக்கிறது. ஆகவே வேப் பக்கமே போகாதவர்களுக்கும் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். கைக்குள் அடங்கும் பொட் வகையிலும், பாவித்துவிட்டு எறிகிற வகையிலும் சின்னப் பற்றறி ஒன்றை உள்ளே வைத்து மூடியிருப்பார்கள்.

2500 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு உள்ள ஒரு 18650க்குள் ஏறக்குறைய 9 வாட் மணி சக்தி இருக்கிறது. வீட்டில் இருக்கும் 9 வாட் எல்ஈடி பல்பை ஒரு மணித்தியாலம் எரிக்க அது போதும். அவ்வளவு சக்தியும் சில செக்கனில் வெளியே வந்தால்தான் ஆபத்து.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பற்றறிக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று முட்டாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. எல்லாம் ஊறியிருப்பது தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில். வெளியே நேர்முனையையும் எதிர்முனையையும் ஓர் உலோகம் நேரே இணைத்து ஷோட் ஆனாலும், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், நசிந்தாலும், வெளிச்சூடு கூடினாலும் உள்ளே சூடு ஏறும். 130 பாகை செல்சியஸ் அளவில் அந்தப் படலம் உருகத் தொடங்கும். தகடுகள் முட்டும். முட்டினால் சூடு இன்னும் வேகமாக ஏறும். 200 பாகை அளவுக்குப் போனால் நேர்ப்பக்கத் தகட்டில் பூசியிருக்கும் பொருளில் இருந்தே ஒட்சிசன் வெளிவரும். அந்த நிலைக்குப் போன பிறகு காற்றை மறித்து மட்டும் நெருப்பை அடக்க முடியாது.

போன் பற்றறி தட்டையான பை. வாயு சேர்ந்தால் ஊதும், கிழியும், எரியும். உருளைப் பற்றறி உருக்குக் கோது போட்டது, அதுவும் ஒரு குழாய்க்குள் இறுக்கி மூடப்பட்டது. வாயு போக வழி கிடைக்காவிட்டால் பலம் குறைந்த முனை பிய்த்துக்கொண்டு பறக்கும். நெருப்பு வேகத்தோடு வருவது அதனால்தான். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்த நாட்டுச் செய்திகளில் வந்த 195 சம்பவங்களை அதில் பிரித்துப் பார்த்திருந்தார்கள். 61 பொக்கற்றுக்குள் நடந்தவை, 60 பாவித்துக்கொண்டிருக்கும்போது, 48 சார்ஜில் கிடக்கும்போது. காயப்பட்டவர்கள் 133 பேர், அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம். அதற்குப் பிறகு 2018இல் புளோரிடாவிலும் 2019இல் ரெக்சாஸிலும் வேப் வெடித்து ஒவ்வொருவர் இறந்தார்கள்.

பாவிப்பவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது அடிக்கடி நடக்கிற சம்பவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்தால் காயம் சின்னதாக இருப்பதில்லை. அதோடு, பொக்கற்றுக்குள் நடப்பவற்றில் பலவற்றைச் சதம் செலவில்லாமல் தடுக்கலாம். அதனால் பொக்கற்றில் இருந்தே தொடங்குகிறேன்.

பொக்கற்றில் எப்படி வைப்பது

18650இல் நேர்முனை என்பது மேலே இருக்கும் சின்ன வட்டம் மட்டுந்தான். மற்ற உடம்பு முழுக்க, பக்கம், அடி எல்லாம், எதிர்முனை. நிறம் நிறமாகச் சுற்றியிருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. தனிப் பற்றறியை மோட்டார் சைக்கிள் திறப்போடும் சில்லறைக் காசோடும் ஒரே பொக்கற்றில் போட்டால், திறப்புக் கோர்வை மேல் வட்டத்தையும் கிழிந்த ஓர் ஓரத்தையும் சேர்த்துத் தொட ஒரு செக்கன் போதும். பழைய ரோச் பற்றறி இப்படி ஷோட் ஆனால் கொஞ்சம் சூடாகி அதோடு விட்டுவிடும். நல்ல 18650 ஒன்று ஷோட் ஆனால் நூறு அம்பியருக்கு மேல்கூடப் பாயலாம். காற்சட்டையைக் கழற்ற நேரம் கிடைக்காது.

ஆகவே தனிப் பற்றறிக்குப் பிளாஸ்டிக் கூடு வாங்குங்கள். ரவுணில் கிடைக்கும், விலை பெரிதில்லை. கூடு கிடைக்கும்வரை இரண்டு முனைக்கும் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் மருந்துப் போத்தலுக்குள் போட்டு வையுங்கள். காற்சட்டைப் பொக்கற்றிலும் சாரத்து மடியிலும் வெறும் பற்றறியை வைக்கவே கூடாது.

முழு வேப்பைக் கொண்டு திரிவதென்றால் பட்டனைப் பூட்டுங்கள். பல சாதனங்களில் பட்டனை விரைவாக ஐந்து தரம் அழுத்தினால் அணையும். பூட்டாமல் விட்டால் மோட்டார் சைக்கிளில் குந்தியிருக்கும்போது பட்டன் அழுந்தி, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான கொயில் சூடாகிக்கொண்டே இருக்கும். தொடையோடு ஒட்டிய பொக்கற்றை விடப் பை நல்லது. பைக்குள்ளும் திறப்பு, ஆணி, மண்வெட்டிக் காப்பு போன்ற உலோகச் சாமானில் இருந்து விலக்கி வையுங்கள்.

உறையைப் பார்க்கும் விதம்

கடையில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். பற்றறியைக் கழற்றி நல்ல வெளிச்சத்துக்குக் கீழே பிடியுங்கள். பெருவிரல் நகத்தை உறையின்மேல் மெல்ல வைத்துக்கொண்டு பற்றறியை ஒருமுறை முழுக்கச் சுழற்றுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே வெட்டு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெட்டையும் நகம் காட்டிக்கொடுக்கும். பிறகு மேல் விளிம்பைப் பாருங்கள். வட்ட முனையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கடதாசி வளையம் இருக்கும், உறை அதன்மேல் மடிந்து பிடித்திருக்க வேண்டும். வளையம் நகர்ந்திருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, உறை மடிப்பு பிரிந்து உருக்கு மினுங்கினாலோ அந்தப் பற்றறியை அப்படியே பாவிக்கக்கூடாது. மிக ஆபத்தான இடம் அந்த மேல் விளிம்புதான். அங்கே நேரும் எதிரும் ஓரிரு மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. வேப்பின் உலோகக் குழாய் இரண்டையும் தொட்டால் கதை முடிந்தது.

உறை மட்டும் பழுது, கோது நெளியவில்லை, துருப்பிடிக்கவில்லை, ஒழுகவில்லை என்றால் புது உறை போடலாம். 18650க்கென்றே சுமார் 30 மில்லிமீற்றர் அகலத்தில் சுருங்கும் உறை வருகிறது. பழையதை உரிக்க பிளேட், கத்தி எடுக்காதீர்கள். நகத்தால் அல்லது பிளாஸ்டிக் துண்டால் கிளப்புங்கள். வெள்ளை வளையத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, புது உறையை இரண்டு பக்கமும் கொஞ்சம் மடியும்படி இழுத்து, தலைமயிர் காயவைக்கும் புளோவரைத் தூரத்தில் பிடித்துச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும். சிலர் லைற்றரைப் பிடிக்கிறார்கள். லிதியம் பற்றறிக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கோது நெளிந்திருந்தால் உறை மாற்றிப் பயனில்லை. உள்ளே சுருளும் நசிந்திருக்கும். அதைக் கழித்துவிடுங்கள்.

கையில் மல்ரிமீற்றர் இருந்தால் டிசி 20 வோல்ற் அளவில் வைத்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். முழுச் சார்ஜ் 4.2 வோல்ற். 3.6, 3.7 என்றால் பாதியளவில் இருக்கிறது. 2.5க்குக் கீழே விழுந்து கிடந்த பற்றறியைத் திரும்பச் சார்ஜ் போடக்கூடாது. இன்னும் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு ஊசிபோலப் படிந்து படலத்தைக் குத்தலாம். முழுச் சார்ஜ் போட்டு எடுத்துவைத்த பற்றறி, பாவிக்காமலே அடுத்தநாள் 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவும் கழிவுதான்.

இரண்டு பற்றறி போடும் சாதனம் என்றால் இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கவேண்டும். ஒன்றாகவே சார்ஜ் போட்டு ஒன்றாகவே பாவியுங்கள். புதியதையும் பழையதையும் கலந்தால் பலம் குறைந்தது அளவுக்கு மேல் இறங்கி அடிவாங்கும்.

போலிப் பற்றறி

சந்தையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்த 18650 வருகிறது. பொய். பெயர்பெற்ற கொம்பனிகளின் 18650 பெரும்பாலும் 2000க்கும் 3600க்கும் இடையில்தான். நல்ல 18650 ஒன்று 45 கிராம் அளவில் நிற்கும். நகைத் தராசில் வைத்துப் பார்த்து நன்றாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

மில்லி அம்பியர் மணியை விட வேப்புக்கு முக்கியம், தொடர்ந்து எத்தனை அம்பியர் கொடுக்கலாம் என்பது. சாம்சுங் 25ஆர் என்பது 2500 மில்லி அம்பியர் மணிதான், ஆனால் 20 அம்பியர் தாங்கும். 3400 என்று வருகிற பனசொனிக் வகை அதில் பாதியைக்கூடத் தாங்காது. அது தலை லைற்றுக்கு அருமையான பற்றறி, வேப்புக்குக் கூடாது. பழைய லப்ரொப்பில் இருந்து கழற்றிய பற்றறியும் இதே ரகம், அதுவும் வயதுபோனது. "சும்மா கிடக்குது, போடுவம்" என்று அதை வேப்புக்குள் போடாதீர்கள். ரோச்சுக்குப் போடுங்கள்.

கணக்கு கஷ்டமில்லை. வோல்ற்றைக் கொயிலின் மின்தடையான ஓமால் பிரித்தால் அம்பியர். 0.5 ஓம் கொயில் என்றால் 4.2ஐ 0.5ஆல் பிரிக்க 8.4 அம்பியர். 0.2 ஓம் என்றால் 21. 0.1 ஓம் என்றால் 42. உள்ளே மின்சுற்று இல்லாமல் பற்றறியும் கொயிலும் நேரே தொடுகிற குழாய் வகை வேப்பில் இந்தக் கணக்கைப் பார்க்க யாரும் இல்லை, பற்றறி கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுற்றுள்ள சாதனம் ஷோட்டைக் கண்டால் நிறுத்தும், இது நிறுத்தாது. அந்தக் குழாய் வகையை வன்னியில் பாவிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைப் பாதுகாப்பாகக் கையாளத் தேவையான ஓம் மீற்றரும் நல்ல பற்றறியும் இங்கே இலேசில் கிடைப்பதில்லை.

சார்ஜ்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ரோச் பற்றறியை வன்னிக்குள் விடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. தீர்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும், கல்லால் தட்டினால் இன்னும் கொஞ்சம் எரியும் என்று அப்போது கண்டுபிடித்து வைத்திருந்தோம். அந்த நாளில் அந்தக் கெட்டித்தனம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அது நாகமும் கரியும் போட்ட பற்றறி. அதே கையால் இன்று லிதியம் பற்றறியை வெயிலில் வைக்கும் ஐயாமாரைக் காண்கிறேன். லிதியத்துக்கு வெயில் உயிர் கொடுக்காது, உயிரை எடுக்கும். தட்டுவதும் நசிப்பதும் இன்னும் மோசம்.

அதேபோல, செத்த பற்றறியை உழவு இயந்திரப் பற்றறியில் கிளிப் மாட்டி "ஒரு தட்டுத் தட்டி" எழுப்புவதும் வேண்டாம். அது 12 வோல்ற். உங்கள் பற்றறி தாங்குவது 4.2. சோலர் பனலில் இருந்து வயரை நேரே கொடுப்பதும் அப்படித்தான். 12 வோல்ற் பனல் என்று எழுதியிருந்தாலும் நல்ல வெயிலில் சுமை இல்லாமல் 20 வோல்ற்றுக்கு மேல் காட்டும். சோலரில் போடவேண்டி வந்தால் நடுவில் 5 வோல்ற் யூஎஸ்பி கொடுக்கும் ஒழுங்கான கன்ரோலர் இருக்கவேண்டும்.

கரண்டில் போடும்போது சாதனத்தோடு வந்த வயரைப் பாவியுங்கள். சாதனத்தின் அடியில் 5 வோல்ற் 1 அம்பியர் என்றோ 2 அம்பியர் என்றோ எழுதியிருக்கும், அதற்கு ஏற்ற சாதாரண சார்ஜர் போதும். போனை அரைமணியில் நிரப்பும் பெரிய சார்ஜர் வேண்டாம். கழற்றும் பற்றறியை வெளியே எடுத்து, லிதியத்துக்கென்று வரும் சார்ஜர் பெட்டியில் போடுவது எல்லாவற்றிலும் நல்லது. ஒவ்வொரு குழியும் தனித்தனியாக 4.2இல் நிறுத்துகிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே வைத்துப் போடுவது என்பதில் எங்கள் வீடுகளுக்கு விசேடமாகச் சொல்லவேண்டும். மெத்தை, பாய், தலையணை, கதிரைத் துணி ஒன்றும் வேண்டாம். கிடுகு வேலியோரம், கிடுகுக் கூரை இறங்கியிருக்கும் பக்கம், வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய்க் கான், தெளிகருவி மருந்து வைத்திருக்கும் மூலை எதுவும் வேண்டாம். சீமெந்து நிலத்தில் ஒரு தட்டையான ஓட்டுத் துண்டையோ எவர்சில்வர் தட்டையோ வைத்து, சுற்றிவர ஓர் எட்டளவு வெறுமையாக விட்டு அங்கே போடுங்கள்.

லிதியம் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும்போது வெளிச்சூடு 45 பாகையைத் தாண்டக்கூடாது என்பது கொம்பனிகள் பொதுவாகப் போடும் எல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த எல்லை எவ்வளவு கிட்ட இருக்கிறதென்று. ஆகவே பகல் உச்சியில் போடாதீர்கள். அதற்காக இரவில் மாட்டிவிட்டுப் படுக்கவும் கூடாது. பின்னேரம் வெயில் தாழ்ந்தபின், வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரம்தான் சரி. நிரம்பியதும் கழற்றுங்கள்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. வயலுக்குப் போகிறவர்கள் வேப்பையும் போனையும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு வரம்பில் இறங்கிவிடுவார்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் 60 பாகையைத் தாண்டலாம். மரநிழலில் பையைத் தொங்கவிடுங்கள். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்கிறவர்களின் சாமான் உப்புத்தண்ணீர் பட்டே வருகிறது. அப்படி நனைந்தால் உடனே அணைத்து, பற்றறி கழன்றால் கழற்றி வையுங்கள். அரிசிக்குள் புதைத்து எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். உப்பு உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

எறிகிற வேப்பில் இருந்து பற்றறி எடுப்பவர்களுக்கு

பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை விற்கத் தடை. ஆனாலும் அந்த வகை இன்னும் பயணப் பைகளில் இங்கே வந்து சேர்கிறது. தீர்ந்ததும் கையில் விளையாட்டாக எதையாவது செய்து பார்க்கிற பெடியள் உள்ளே இருக்கும் பற்றறியை எடுத்துச் சின்னக் காற்றாடிக்கும் லைற்றுக்கும் போடுகிறார்கள். அவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன், நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அதனால் சரியாகச் சொல்லித்தருகிறேன்.

அந்தப் பற்றறி பெரும்பாலும் 500, 600 மில்லி அம்பியர் மணி அளவுதான். அதில் பல, பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் பற்றறி. கடைகளில் கிடைக்கும் ரிபி4056 என்ற சின்னச் சார்ஜ் பலகை வரும்போதே 1 அம்பியருக்குச் செற் பண்ணி வரும். 550 மில்லி அம்பியர் மணிப் பற்றறிக்கு அது கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சூடாகும். பலகையில் இருக்கும் 1.2 கிலோ ஓம் றெசிஸ்ரரை 5 கிலோ ஓம் ஆக மாற்றினால் 250 மில்லி அம்பியருக்கு இறங்கும். அதுவும், பாதுகாப்பு ஐசி சேர்ந்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள். பற்றறியின் தலையில் நேரே ஈயம் பற்றவைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நிக்கல் பட்டியையோ வயரையோ விட்டு வெட்டி அதில் பற்றவையுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு வயராக வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரிக்கோலே ஷோட் ஆக்கிவிடும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

திரும்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமானத்தில் வேப்பும் தனிப் பற்றறியும் கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. வேப்புக்கு 2015இல் இருந்து சர்வதேச விதி அது.

சத்தம், மணம், சூடு

பற்றறி கெடும்போது பலதரம் முன்கூட்டியே சொல்லும். சும்மா கிடக்கும்போதே சூடாக இருப்பது, கோது அல்லது சாதனத்தின் பக்கம் உப்புவது, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனித்த மணம், "உஸ்ஸ்" என்ற சத்தம். முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் பாவிப்பதை நிறுத்தி, வீட்டுக்கு வெளியே வெறும் நிலத்தில், எரியக்கூடியது கிட்ட இல்லாத இடத்தில் வையுங்கள். வீங்கிய பற்றறியில் ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குத்துகிற அந்த இடமே ஷோட்.

"உஸ்ஸ்" சத்தம் கேட்டால் செக்கன் கணக்கு. கையில் இருந்தால் ஆள் இல்லாத பக்கம் வெளியே எறியுங்கள். பொக்கற்றில் இருந்தால் உள்ளே கையை விடாமல் காற்சட்டையையோ சாரத்தையோ கழற்றி வீசுங்கள். வெட்கப்பட நேரமில்லை. மேசையில் எரியத் தொடங்கினால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். வயர் மாட்டியிருந்தால் சுவிச்சை அணைத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். லிதியத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சின்ன லிதியம் அயன் பற்றறிக்கு நிறையத் தண்ணீர்தான் நல்ல மருந்து, ஏனென்றால் சூட்டை இறக்குவது அதுதான். மண் போட்டால் சுவாலை மறையும், பறக்கிற துண்டும் அடங்கும், ஆனால் உள்ளே சூடு குறையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் மண் போடுங்கள், பிறகு தண்ணீரும் ஊற்றுங்கள். அணைந்தது திரும்பப் பற்றக்கூடும், மணிக்கணக்கில் வெளியே விட்டுக் கவனியுங்கள். புகையில் நச்சு வாயு இருக்கிறது, குனிந்து ஊதிப் பார்க்காதீர்கள்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தைக் கடைகள் எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்தில் இருந்து வரவேண்டியிருந்ததை மறக்கவில்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கத்து உள்ளூர்களில் வண்டி வரும்வரை உங்கள் கிணறும் வாளியும்தான். சார்ஜ் போடும் அறையின் வாசலில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்கட்டும்.

எரிகாயம் பட்டால் சூடான உடுப்பை அகற்றி, தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல் விட்டு, ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசவேண்டாம். ஆஸ்பத்திரியில் அவற்றைச் சுரண்டி எடுப்பதே இன்னொரு வேதனை. சுத்தமான துணியால் மெல்ல மூடி 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கண், முகம், கை, மறைவிடம் பட்டிருந்தால் சின்னக் காயம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். லிதியம் பற்றறி வெடித்தது என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், இரசாயனமும் பட்டிருக்கும் என்று அவர்கள் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் ஏசுவார்கள் என்று பயந்து "அடுப்புப் பட்டது" என்று சொல்லுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரே, அந்த நேரத்தில் ஏசாதீர்கள்.

கழித்த பற்றறியை என்ன செய்வது

வளவைக் கூட்டி மூலையில் குவித்து எரிப்பது எங்கள் பழக்கம். அந்தக் குவியலுக்குள் ஒரு வேப்போ பற்றறியோ இருந்தால் வெடிக்கக்கூடும். போருக்குப் பிறகு குப்பை எரிக்கும்போது மண்ணுக்குள் கிடந்தது வெடித்துக் காயப்பட்டவர்கள் இருக்கிற மண் இது. இங்கே ஒரு வெடிச்சத்தம் காயத்தோடு மட்டும் நிற்காது, முற்றத்தில் இருக்கிற வயதான அம்மாவின் நெஞ்சிலும் போய் விழும். எரிக்கும் முன் குவியலைத் தடியால் கிளறிப் பாருங்கள். புகைத்தவர்கள் வந்து நின்ற வீடென்றால் இரண்டு தரம் பாருங்கள். மலசலகூடக் குழிக்குள்ளும் குளத்துக்குள்ளும் எறிய வேண்டாம்.

கழிக்கும் பற்றறியின் இரண்டு முனைக்கும் ரேப் ஒட்டி, ஒன்றோடொன்று முட்டாமல், காய்ந்த மணல் போட்ட பழைய பால்மாப் பேணிக்குள் வையுங்கள். மூடியை இறுக்காமல் சும்மா வைத்தால் போதும், வாயு வந்தால் போகவேண்டும். பேணி வீட்டுக்கு வெளியே, மழை படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கழற்ற முடியாத வேப்பை உடைக்காமல் முழுதாகவே போடுங்கள். பிரதேச சபையிலோ போன் கொம்பனிக் கிளையிலோ இலத்திரனியல் கழிவு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பரந்தன், கிளிநொச்சி, தருமபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் என் கடைக்குக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், காசு எடுப்பதில்லை. வீங்கியதை மட்டும் பஸ்ஸில் கொண்டுவராதீர்கள், முதலில் ஒரு போன் அடியுங்கள்.